உப்புக் கரிக்கும் பாடம்

சிதம்பரத்துக்குத் தில்லை என்று இன்னொரு பெயர் உண்டு. இது எல்லோருக்கும் தெரியும். தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். இது பாதிப் பேருக்குத் தெரியும். அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்திலிருந்து கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய், உப்புத் தண்ணீர் ஓரத்தில் தேட வேண்டும். இது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். கிளையை ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டு, இப்போது கடலோரமாக ஒதுங்கி நிற்கிறது தில்லை.

அது நிற்கிற இடம் பிச்சாவரம். 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வந்த இடம் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலைத் தொடுகிற இடங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் வாய்க்காலும் திட்டுமாகப் பரந்து கிடக்கிறது காடு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கு ராம்சர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதே, அதில் 2022-ல் பிச்சாவரமும் சேர்ந்தது.

ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கைகலக்கிற இந்த இடத்தைப் புத்தகம் கழிமுகம் என்கிறது. கரையில் இருப்பவர்கள் முகத்துவாரம் என்பார்கள். நாம் போய்ப் பார்த்தால் சேறு, கொசு, ஒரு மாதிரி வாடை. ஆனால், நீங்கள் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்குகிற வெள்ளை இறால் குழந்தையாக வளர்ந்தது இந்த மாதிரிச் சேற்றில்தான். தாய் இறால் கடலில் முட்டை போடும். பொரிந்து வரும் குஞ்சு, தண்ணீர் ஏறும்போது கூடவே கழிமுகத்துக்குள் வந்துவிடும். வேர்களுக்கு நடுவே ஒளிந்து, தின்று, வளர்ந்து, ஆளான பிறகு கடலுக்குத் திரும்பும். ஆழ்கடலில் விசைப்படகுக்காரர் வலை வீசிப் பிடிப்பதெல்லாம், ஒரு காலத்தில் இந்த வேருக்கடியில் விளையாடிய பிள்ளைகளைத்தான்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் என் நண்பர். விருத்தாசலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வருஷத்துக்கு ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு தடவை நானும் ஒட்டிக்கொண்டேன்.

"ஏன் வாத்தியாரே, விருத்தாசலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? உங்க பசங்க எதுக்குக் கழிமுகத்தைப் பத்திப் படிக்கணும்?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"எங்க ஊர்ல ஓடுறது மணிமுத்தாறு. அது போய் வெள்ளாத்துல சேருது. வெள்ளாறு பரங்கிப்பேட்டைகிட்ட கடல்ல சேருது. எங்க ஊர்ப் பையன் ஆத்துல போடுற பிளாஸ்டிக் கவர் எங்க போய்ச் சேரும்னு அவன் ஒரு தடவையாச்சும் பாக்க வேணாமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

காட்டுக்குள் போனதும் அவர் செய்த முதல் காரியம், ஆளுக்கொரு வெண்கண்டல் இலையைக் கொடுத்து நக்கச் சொன்னது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே நாக்கை நீட்டினார்கள். "சார், உப்புக் கரிக்குது!" உப்புத் தண்ணீரைக் குடித்து, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது மரம். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால், பென்சில் பென்சிலாக வேர்களை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. பக்கத்திலேயே சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. விழும்போது செடியாகவே விழும். தாயிடம் இருக்கும்போதே பிள்ளைக்குப் பாதி வளர்ச்சி முடிந்துவிடுகிறது.

இது வரைக்கும் நண்பரின் வகுப்பு. அடுத்த வகுப்பை நடத்தியது வேறு ஒருவர்.

வாய்க்காலில் மார்பளவு தண்ணீரில் ஒரு வயதான அம்மா, இரண்டு கைகளையும் சேற்றில் துழாவியபடி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார். இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. வெறும் கை. இறால் சிக்கியதும் எடுத்து, பல்லில் கடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி குனிவார். பிள்ளைகள் கரையிலிருந்து, "ஆயா, பாம்பு இருக்குமா? ஆயா, கையில நண்டு கடிக்காதா?" என்று கேள்வி மேல் கேள்வி. ஆயா தலையை மட்டும் ஆட்டினார். வாயில் பறி. எப்படிப் பேசுவார்?

கரையேறி வந்து பறியைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சு.

"வலை போட்டா நெறைய கெடைக்குமே ஆயா?" என்றாள் ஒரு சிறுமி.

"வலைக்கு ஆயிரம் கண்ணு இருக்கு பாப்பா. ஒண்ணாவது பாக்குமா? குட்டி, பெருசு எல்லாத்தையும் வாரிக்கிட்டு வந்துரும். கைக்குக் கண்ணு இல்ல. ஆனா தொட்டதும் தெரிஞ்சிரும். குட்டியா இருந்தா உட்ருவேன். அது வளந்தாத்தான எனக்குச் சோறு?"

"தினமும் வருவீங்களா?"

"தண்ணி சொல்லும். அமாவாசை, பவுர்ணமிக்கு ஏத்தமும் ஜாஸ்தி, வத்தமும் ஜாஸ்தி. அஷ்டமிக்கு ரெண்டும் கம்மி. அதுக்குத் தக்கன எடம் மாத்திக்கணும்."

நண்பர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "உயர் ஓதம், தாழ் ஓதம்னு புஸ்தகத்துல படிச்சீங்களே... அதுதான் இது. ஆயா அதைத்தான் சொல்றாங்க." பிறகு தன் பையிலிருந்து நோட்டை எடுத்து, அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பாடம் நடத்துகிறவர் பாடம் கேட்டு நோட்ஸ் எடுப்பதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

கிளம்பும்போது நான் கேட்டேன், "உங்க பேரப் பிள்ளைங்களுக்கும் இதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கீங்களா அம்மா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவனுக்கு வெக்கம் சார். பள்ளிக்கூடத்துல எங்க ஆயா சேத்துல தடவுதுன்னு சொல்ல மாட்டான். இந்த வேலைய அவன் செய்யணும்னு நான் நெனைக்கல. தண்ணியில நின்னு நின்னு என் காலு போச்சு. அவன் படிச்சு வேற வேலைக்குத்தான் போகணும். ஆனா, இது என்னான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

எந்தப் பாடப் புத்தகக் கமிட்டியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது என்று தோன்றியது.

இந்த இடத்தில் பிச்சாவரத்தின் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் காட்டின் பெரும் பகுதி மொட்டையாகக் கிடந்தது. 'யார் கெடுத்தது?' என்று கேட்டபோது, ரொம்ப நாளாக எல்லோருடைய விரலும் ஒரே பக்கம்தான் நீண்டது. சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள். மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், காடு போச்சு. நம்மூரில் எப்போதுமே எளியவனைக் குற்றவாளியாக்குவது சுலபம் இல்லையா?

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் தண்ணீரையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்தார்கள். கதை வேறு மாதிரி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து 1970-கள் வரை, அரசாங்கமே 'கூப்பு' முறையில் காட்டைத் துண்டு துண்டாக மொத்தமாக வெட்டியிருக்கிறது. வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்தது. ஈரம் காய்ந்து மண் சுருங்கியது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி நடுவில் பள்ளம் விழுந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் ஆவியாகி உப்பு மேல் உப்பாகச் சேர்ந்தது. அப்புறம் எந்த விதை முளைக்கும்?

காரணம் தெரிந்தபோது வைத்தியமும் தெரிந்தது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். அதை இயற்கையான வாய்க்காலோடு இணைத்துவிட்டால், கடல் தண்ணீர் உள்ளே வந்து, உப்பை அலசிக்கொண்டு வெளியே போகும். ஓரங்களில் கன்று நட்டால் பிழைக்கும். வனத்துறையும் ஆராய்ச்சியாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். வாய்க்கால் வெட்டியதிலும் கன்று நட்டதிலும் ஊர்க்காரர்களின் கை இருந்தது. காட்டைக் கெடுத்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களே காட்டை வளர்த்தார்கள். சில வருஷங்களில் அந்தப் பச்சை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது.

அப்புறம் 2004, டிசம்பர் 26.

கடலைப் பார்த்த மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊரைச் சுனாமி சிதைத்துப் போட்டது. உயிர்கள் போயின. மிஞ்சியவர்கள் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே காலையில், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இந்தக் கரையில் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, காடு இருந்த இடத்தில் இழப்பு குறைந்திருக்கிறது என்று 2005-ல் எழுதினார்கள். வேறு சில விஞ்ஞானிகள், "காடு மட்டுமே காரணம் இல்லை, கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதையும் பாருங்கள்" என்று மறுத்தார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. காடு இருந்தால் போதும், கடல் ஓரத்திலேயே வீடு கட்டலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஆனால், அந்த ஊர்க்காரர்களிடம் போய், 'காடு உங்களுக்கு என்ன செய்தது?' என்று கேட்டுப் பாருங்கள். கும்பிடுவார்கள்.

எனக்கு இதிலிருந்து புரிவது ஒன்றுதான். கழிமுகத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்று கிளம்புகிற நாம், அங்கே இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்கத்தான் முதலில் ஆசைப்படுகிறோம். பேனர் கட்டுகிறோம். ஊர்வலம் போகிறோம். 'அலையாத்திக் காடுகளைக் காப்போம்' என்று, அந்தக் காட்டில் தினம் எட்டு மணி நேரம் நிற்கிற பெண்ணின் கையில் நோட்டீஸ் கொடுக்கிறோம். அவருக்குத் தெரிந்ததை நாம் கேட்பதே இல்லை. விழிப்பு உணர்வு என்பது நமக்கும் வேண்டியதாக இருக்கிறது.

அதற்காக அந்த அம்மாவுக்கு எல்லாமே தெரியும் என்று சொல்ல வரவில்லை. மண் ஏன் பள்ளமானது என்பதை அளந்து சொல்ல விஞ்ஞானி வேண்டும். இறால் எப்போது எந்த வேருக்கடியில் இருக்கும் என்பதற்கு அந்த அம்மா வேண்டும். மணிமுத்தாற்றில் போட்ட கவர் எங்கே போகும் என்பதைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு வாத்தியார் வேண்டும். மூன்று பேரும் ஒரே கரையில் உட்கார்ந்தால்தான் அது பள்ளிக்கூடம்.

இன்றைக்கும் பிச்சாவரத்துக்குக் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. காட்டுக்கு உப்புத் தண்ணீர் மட்டும் போதாது, ஆற்று வழியாக நல்ல தண்ணீரும் வர வேண்டும். அது குறையக் குறைய, உப்பை அதிகம் தாங்காத மரங்கள்தான் முதலில் சாகும். அப்படிச் சில வகைகள் இந்தக் காட்டிலிருந்து ஏற்கெனவே மறைந்துவிட்டன. வெட்டிய வாய்க்கால்களில் வண்டல் சேரும். அவ்வப்போது தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை நட்டோம், போட்டோ எடுத்தோம், வேலை முடிந்தது என்கிற விஷயம் இல்லை இது.

நண்பர் ஊர் திரும்பியதும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். பிச்சாவரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. 'உங்கள் வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம், நம் ஆற்றில் அந்தக் காலத்தில் என்னென்ன மீன் இருந்தது, தண்ணீர் எத்தனை மாதம் ஓடியது என்று கேட்டு எழுதி வா. சொன்னவர் பெயரை மேலே எழுது. அதற்கும் மார்க் உண்டு.'

மறு வாரம் நோட்டுகளை எனக்குக் காட்டினார். முதல் பக்கத்தில் பாட்டிகளின் பெயர்கள், தாத்தாக்களின் பெயர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலரின் பெயர், பேரப் பிள்ளையின் கோணல் எழுத்தில் முதல்முறையாகப் பள்ளிக்கூட நோட்டில் ஏறியிருந்தது. ஒரு பையன் எழுதியிருந்தான்: 'என் தாத்தாவுக்குப் பதினோரு மீன் பெயர் தெரிகிறது. எனக்கு இரண்டுதான் தெரியும்.'

பிச்சாவரத்துக்கு நீங்களும் போவீர்கள். படகில் செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். துடுப்புப் படகில் போங்கள், சத்தம் இருக்காது. முடிந்தால் துடுப்புப் போடுகிறவரிடம், "அண்ணே, இந்த மரத்துக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளையைப் பதிலை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரோடு.