பத்துப் பாத்திரம்

ஒரு வீட்டின் இரவு உணவு எத்தகையது என்று அறிய வேண்டுமானால், கூடத்தில் போட்ட இலையைப் பார்க்காதீர்கள், புழக்கடையைப் பாருங்கள். கூடத்திலே சோறு, குழம்பு, கூட்டு, பொரியல், ரசம் என்று பாராட்டப் பெற்ற அதே விருந்து, அங்கே கரி பிடித்த குண்டானாகவும், எண்ணெய் வழியும் வாணலியாகவும், பருப்பு ஒட்டிய சட்டியாகவும், தாளித்த கரண்டியாகவும் குன்றெனக் குவிந்து கிடக்கும். உண்டவர் ஏப்பம் விட்டுத் திண்ணைக்குச் சென்றுவிட்டார். சமைத்தவள் குந்தியிருக்கிறாள், நாரும் கையுமாக.

ஏற்காட்டில் வாழும் நமக்கு இக்காட்சி சற்றுக் கடுமையாகவே படுகிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவோர், சேர்வராயன் மலையின் குளிரை இன்பம் என்பர். மார்கழி இரவில் குழாய் நீரில் அரைமணி நேரம் கை வைத்திருந்தவர் அப்படிச் சொல்லார். அந்த மார்கழிதான் காப்பிப் பழம் பறிக்கும் பருவமும். பகலெல்லாம் சரிவில் நின்று பழம் பறித்த பெண், அந்தி மயங்க வீடு திரும்பி, அடுப்பு மூட்டி, ஆக்கிப் போட்டு, அதன் பிறகு வெடித்த விரல்களால் சட்டி தேய்க்கிறாள். கூடவே தோட்டத்தில் உழைத்த கணவன் என்ன செய்கிறான்? களைத்துவிட்டானாம்! களைப்பிலே ஆண் களைப்பு, பெண் களைப்பு என்று இரண்டு உண்டோ?

இது நம் மலைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடெங்கும் எடுத்த நேரக் கணக்கைப் பாருங்கள். கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அப்படி ஈடுபட்ட ஆண்களோ நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்கள் 81 பேர்! ஐந்து மணி நேரம்! ஒரு நூலகத்தில், ஒரு மன்றத்தில், அட, வெறும் உறக்கத்திலாவது கழிந்திருக்கக்கூடிய ஐந்து மணி நேரம்.

இத்தனை பாத்திரம் ஏன் வந்தது? பசி கேட்டதா? பசி ஒரு பாத்திரத்தைத்தான் கேட்கும். மற்றவற்றைக் கேட்டவை வழக்கமும் வரட்டுப் பெருமையும். 'பத்துப் பாத்திரம் தேய்ப்பது' என்கிறோமே, அந்தப் பத்து எண்ணிக்கை அன்று, சோற்றுப் பற்று. அந்தப் பற்றைத் தீட்டாக்கி, சோற்றுப் பானையைத் தொட்ட கையால் தயிரைத் தொடாதே, அதற்கு வேறு கரண்டி, இதற்கு வேறு சட்டி என்று ஆசாரம் வகுத்தார்கள். வகுத்தவர்கள் தேய்க்கவில்லை. வேலைக்காரிக்குக் கொல்லைப்புறத்தில் தனிக் குவளை வைத்தார்களே, அந்தக் குவளையையும் அவளேதான் கழுவி வைக்க வேண்டும். தீட்டு பார்த்தவர்கள் கழுவும் கையை மட்டும் பார்க்கவேயில்லை!

நம் வீட்டில் பல ஆண்டுகளாக இரவுக்கு ஒரே பாத்திரம். பிரஷர் குக்கர்தான். இம்மலையில் அது ஆடம்பரம் அன்று. அறிவியல் வகுத்த தேவை. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 95 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. பருப்பு வேகாமல் படுத்துவது இதனால்தானே தவிர, அடுப்படியில் நிற்பவளின் கைராசியால் அன்று. மூடி அழுத்திய குக்கருக்குள்ளோ வெப்பம் 120 பாகையை நெருங்கும்.

முதலில் அந்தக் குக்கரிலேயே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், இஞ்சி, வெங்காயம் தாளித்துக்கொள்கிறோம். தாளிப்புக் கரண்டி ஒன்று அங்கேயே ஒழிந்தது. மிளகு நம் மலைச் சரக்கு. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்து காய்ப்பது. அதைச் சற்றுத் தாராளமாகவே தட்டிப் போடலாம். பிறகு சௌசௌ, பீன்ஸ், கேரட், எது கிடைக்கிறதோ அது. இரண்டு ஆழாக்குச் சாமை, ஒரு ஆழாக்குப் பாசிப்பருப்பு, எட்டு ஆழாக்குத் தண்ணீர், உப்பு, மஞ்சள். மூன்று விசில். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. பருப்பு நுரைத்து ஆவித் துளையை அடைத்துவிடும். நால்வர் வயிறார உண்ணலாம். சாமையில் குறைவான லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு; ஆகவே இது ஏய்த்து ஒப்பேற்றும் உணவு அன்று.

பரிமாறி முடிந்த கையோடு, ஆறுவதற்குள் குக்கரில் வெந்நீர் ஊற்றி மூடி வைக்கிறோம். நாம் உண்டு எழுவதற்குள் ஒட்டிய மாவுப்பொருள் ஊறித் தானே விட்டுவிடும். தேய்ப்பது இரண்டு நிமிட வேலை. அவரவர் தட்டை அவரவர் கழுவுவது, குக்கர் முறைவைத்து. ஊற்று வற்றும் கோடையில் மிச்சமாகும் குடத்துக்கும் கணக்கு உண்டு.

"ஒரே பானையில் ஆக்கித் தின்பது ஏழைகளின் வழக்கமல்லவா?" என்பர் சிலர். இருக்கட்டுமே! இம்மலையின் பழங்குடியினரான மலையாளிகள் (பெயரைக் கண்டு கேரளத்தார் என எண்ணிவிடாதீர்) சாமையும் கேழ்வரகும் விளைவித்துச் சோறும் களியும் ஆக்கி உண்டு மலையேறியவர்கள். வங்கத்து மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910இல் 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தை உருவாக்கினார். அடியில் சிறிது கரிநெருப்பு; மேலே சோறும் பருப்பும் காயும் ஆவியிலேயே வெந்து கொண்டிருக்க, வைத்தவர் தம் வேலையைப் பார்க்கலாம். ஒரு மருத்துவரே அடுப்படியைப் பற்றிச் சிந்தித்தது குறைவாகிவிட்டதா?

சென்ற தை மாதம் சமவெளியிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "விருந்தாளிக்குக்கூடவா ஒரே பானை?" என்று சிரித்தார். பிறகு இருமுறை கேட்டு வாங்கி உண்டார். தட்டை எடுத்துக்கொண்டு நாம் எழுந்தபோதுதான் தயங்கினார். வீட்டில் அவர் தட்டை அம்மா கழுவுவார்களாம். அந்த அம்மையாருக்கு வயது 71. நாம் ஒன்றும் சொல்லவில்லை. குழாய் இருக்கும் இடத்தைக் காட்டினோம். கழுவினார்; குளிர் என்றார். ஆம், குளிர்தான் என்றோம்.

சாமை கிடைக்காத ஊர்த் தோழர்கள் புழுங்கலரிசியும் கொள்ளும் போட்டு இதையே செய்யலாம். கொள்ளை முன்னாள் இரவே ஊறவைத்துவிட வேண்டும். விசிலும் மூன்றுக்குப் பதில் ஆறேழு வைக்க வேண்டும்.