மலையேறிய கடல்

குறிஞ்சி மலைக்கு உரியது. நெய்தல் கடற்கரைக்கு உரியது. ஒரு நிலத்துக்குரிய பொருள் பிறிதொரு நிலத்திலே வந்து தோன்றுதலைத் திணை மயக்கம் என்பர் நம் முன்னோர். பல்லாண்டுகளாக வகுப்பறையிலே இதனைப் பாடமாகச் சொல்லி வந்த நாம், அஃது எமது இல்லத்திலேயே நிகழுமென்று எண்ணியதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி மாநகரிலே, எம் வீட்டுச் சுவரோரம் இன்று 200 லீற்றர் கடல் நிற்கின்றது. அது மலையேறி வந்த வரலாற்றினை யூபிலி மலரைப் படிக்கும் அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

வெள்ளவத்தையில் வாழ்ந்த எமது தமையனார் பதினோராண்டுகளாகக் கடல்மீன் தொட்டியொன்றைப் பேணி வந்தார். நான்கடி நீளமான கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே கோமாளி மீன்கள் இரண்டு, நீலநிறச் சிறுமீன்கள் மூன்று, பாசி படர்ந்த கற்கள் சில. 2023 ஆம் ஆண்டிலே அவர் காலமானார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டிலே. தனித்திருந்த அண்ணியாரை எம்மோடு வந்திருக்குமாறு அழைத்தோம். அவர் சொன்னது இவ்வளவே: "தம்பி, நான் வாறதெண்டால் இதுகளும் வரவேணும். அவர் கையாலை வளர்த்த சீவன்கள்." ஆகவே, மீன்கள் பிழைத்தாலன்றி அண்ணியாரும் எம் வீட்டிலே மனம் ஒன்றி வாழார் என்பது எமக்குத் தெளிவாயிற்று.

விஞ்ஞானம் எமது பாடமன்று. எனவே, எம்முடன் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியரை நாடினோம். அவர் முதலிற் கேட்டது மீன்களைப் பற்றியன்று, கற்களைப் பற்றி. மீன்கள் வெளிவிடும் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அது சிறிதளவிலேயே அவற்றுக்கு நஞ்சாகும். கற்களின் நுண்துளைகளிலே குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் தீங்குடையதே. மற்றொருவகை பற்றீரியா அந்த நைத்திரைற்றைப் பெரிதும் தீங்கற்ற நைத்திரேற்று ஆக்கும். இத்தகைய நுண்ணுயிர்களை 1890 ஆம் ஆண்டளவிலே வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் பிரித்தெடுத்துக் காட்டினார். புதிய தொட்டியிலே இவை நிலைபெறப் பல வாரங்கள் செல்லும். "தொட்டியை மாற்றலாம், நீரிலும் ஒரு பகுதியை மாற்றலாம், கற்களை உலரவிடாதீர்கள், குழாய்நீரிற் கழுவாதீர்கள்" என்றார் நண்பர். குழாய்நீரிற் கலந்துள்ள குளோரின் அந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். புதுமனைக்குப் போகும் பொருளைத் தேய்த்துக் கழுவ வேண்டுமென்று தூரிகையோடு நின்ற எம் இல்லாளுக்கு இது சற்று ஏமாற்றமே.

புறப்படுவதற்கு முதல்நாள் மீன்களுக்கு இரை இடவில்லை. வயிறு வெறுமையாயின் வழியிலே நீர் மாசுபடாது. முதலிற் கற்களை எடுத்து, மூடியுள்ள வாளிகளிலே கடல்நீருள் அமிழ்த்தினோம். நீரிற் பெரும்பகுதியைக் கலன்களிலே சேமித்தோம். நீர் வற்றிய பின்னரே மீன்களைப் பிடித்தல் எளிது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் பையிலே, மூன்றிலொரு பங்கு நீரும் எஞ்சியது ஒட்சிசனுமாகக் கட்டி, வெம்மை காக்கும் றெஜிபோம் பெட்டியிலே இருளில் வைத்தோம். தொட்டியை முற்றாக வெறுமையாக்கியே தூக்கினோம். நீரின் பாரத்தோடு அசைத்தால் கண்ணாடியின் பொருத்துகள் விட்டுப்போகும்.

வண்டிச் சாரதிக்கு இது வியப்பாயிருந்தது. "மகாவலி ஓடுற ஊருக்குத் தண்ணி கொண்டு போறீங்களே, சேர்" என்று நகைத்தார். கேகாலையிலே நிறுத்திப் பைகளைப் பார்த்தோம். கடுகண்ணாவை ஏற்றத்திலே வண்டி திரும்புந்தோறும் அண்ணியார் பெட்டியை மடிமீது அணைத்துக்கொண்டார்.

மாலையிலே தொட்டியை மட்டம் பார்த்து அமைத்து, பழைய நீரை நிரப்பி, வெப்பமாக்கியினால் 26 பாகைக்குக் கொணர்ந்தோம். கண்டியின் இரவு கொழும்பின் இரவன்றே! பைகளை மிதக்கவிட்டு, சிறிது சிறிதாக நீர் கலந்து, மீன்களை விடுவித்தோம். இரவு பதினொரு மணியளவில் மின்சாரம் நின்றது. பம்பிகள் ஓய்ந்தன, மீன்கள் நீர்மேல் வந்து வாயைத் திறந்தன. அண்ணியார் ஒன்றும் பேசாது சிறுகுவளை ஒன்றை எடுத்தார். தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலானார். ஊற்றும்போது காற்று நீரோடு கலக்கும். 1846 ஆம் ஆண்டிலே ஆனா தைன் என்னும் ஆங்கில அம்மையார், டோர்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று, இவ்வாறே நீரை மாற்றி மாற்றி ஊற்றுவித்துக் காத்தார் என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். அண்ணியார் எந்நூலையும் படித்தவரல்லர். நாமும் பிள்ளைகளும் மாறி மாறிக் கைகொடுத்தோம். இருளிலே அந்த நீரொலி அலையோசை போலவே கேட்டது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று எத்தனையோ முறை கற்பித்திருக்கின்றோம். கணவர் காலமான பின் அண்ணியார் வாய்விட்டு அழுததை அன்றிரவே முதன்முறையாகக் கேட்டோம். மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது. ஐந்து மீன்களும் உயிரோடிருந்தன. அடுத்த நாட்களிற் சோதித்தபோதும் நீரிலே அமோனியா தென்படவில்லை. கற்கள் தம் கடமையைச் செய்தன.

அதன் பின்னர், அண்ணியாருடன் வந்த பழைய அம்மி, நெளிந்த செம்பு, கறைபடிந்த சுவாமி படம் ஆகியவற்றை மாற்றிப் புதியன வாங்கும் பேச்சு எம் வீட்டிலே எழவில்லை.

ஆசிரியர்களாகிய எமக்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்து சேரும் சிறுவன், பாட்டி சொன்ன கதையையும் தன் லயத்துப் பேச்சையும் கூடவே கொண்டு வருகின்றான். செந்தமிழ் கற்பிக்கிறோம் என்று அவற்றை முதல்நாளே தேய்த்துக் கழுவினால், தூய நீரிலே அவன் மூச்சுத் திணறுவான். அவை ஈரம் உலராதிருக்கட்டும். அவற்றின் மேலேயே புதிய கல்வி வேர்கொள்ளும். தொலைதேசங்களிற் குடியேறிய பழைய மாணவர்காள், நும் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும் என்க.