அரத்தின் வாயில் இருக்கும் சொற்கள்

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கத்துப் பூட்டுப் பட்டறைகளில் முதலில் காதில் விழுவது அராவும் சத்தம். சாவியை வைஸில் இறுக்கிப் பிடித்து, அதன் பற்களைச் சன்ன அரத்தால் இறக்குகிறார் தொழிலாளி. நாலு இழுப்புக்கு ஒருமுறை சாவியைக் கழற்றி, இன்னும் மூடாத பூட்டுக்குள் விட்டுத் திருப்புகிறார். உள்ளே அடுக்கிய பித்தளைத் தகடுகள் எழும்புகின்றன; ஒன்று மட்டும் மயிரிழை கூடுதலாக எழும்புகிறது. மறுபடியும் அரம். கடைசியில் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பிசிறு எடுக்கிறார். அறுத்த, துளைத்த, அராவிய உலோகத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கூரான துணுக்குதான் பிசிறு. பாடகரின் குரலில் பிசிறு தட்டுகிறது என்கிறோமே, அதே சொல். விரலைக் கிழிக்கும் ஒன்றுக்கு இத்தனை பொருத்தமான பெயர் கையிலேயே இருக்கும்போது, தொழில்நுட்பத் தமிழை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டறையில் தொடங்க வேண்டும். ஆங்கிலச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு நிகர் தேடுகிற வழக்கம், பல இடங்களில் வேலையையே தவறாகப் புரியவைத்துவிடுகிறது.

பூட்டுக்குள் இருக்கும் அந்தத் தகடுகளையே எடுத்துக்கொள்வோம். பட்டறையில் அவற்றுக்கு லீவர் என்று பெயர். பாடநூல் வழியில் போனால் நெம்புகோல். நெம்புவது என்றால் கீழே கொடுத்துத் தூக்கிப் பெயர்ப்பது. கடப்பாரை செய்யும் வேலை. பூட்டின் லீவரோ யாரையும் நெம்புவதில்லை. ஒரு முனையில் ஆணியில் மாட்டி, வில்லின் அழுத்தத்தில் படுத்திருக்கும் காவல்காரத் தகடு அது. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் எல்லா வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் வரும். தாழில் நிற்கும் முளை அந்த வழியே நகரும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை பெற்றது இந்த இரட்டைக் கட்டுப்பாட்டுக்குத்தான். இங்குள்ள பட்டறைகளின் மாங்காய்ப் பூட்டைத் திறந்து வைத்தால் இந்தத் தத்துவம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கு நெம்புகோல் என்று பெயரிட்டால், பூட்டை உடைக்க வருகிறவன் கையில் இருக்கும் கருவியின் பெயரைப் பூட்டைக் காக்கும் தகட்டுக்குச் சூட்டியதாகிவிடும். லீவர் என்றே இருக்கட்டும். அதைச் சொல்கிறவர்களுக்கு அது என்ன செய்கிறது என்று துல்லியமாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய குழப்பம் பற்றவைப்பு என்ற சொல்லில் இருக்கிறது. பீரோவும் கிரில் கதவும் செய்யும் பட்டறைகளில் யாரும் பற்றவைப்பு என்பதில்லை, வெல்டிங் என்றுதான் சொல்கிறார்கள். சோம்பலால் அப்படிச் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஈயத்தை உருக்கி ஓட்டையை அடைப்பது பற்றவைப்பது; வெண்காரம் தூவிப் பித்தளையை உருகவிட்டு இரண்டு இரும்பைச் சேர்ப்பதும் பற்றவைப்பதுதான்; அடுப்பையும் பற்றவைக்கிறோம். முதல் இரண்டிலும் சேரவேண்டிய உலோகம் உருகுவதில்லை. இடையில் வைத்த பற்றாசு மட்டும் உருகி, இடுக்கில் ஓடி, பிடித்துக்கொள்கிறது. அந்தப் பொருளுக்கே பற்றாசு என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதுவதும் இந்த இனம்தான். பற்றாசு 450 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருகினால் ஒருவகை, அதற்கு மேலே உருகினால் இன்னொரு வகை என்று பொறியியலார் பிரிக்கிறார்கள். வெல்டிங்கில் நடப்பது வேறு. இரும்பு 1538 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் இரண்டு துண்டின் விளிம்புகளும் உருகிக் கலந்து, ஒரே உலோகமாக உறைகின்றன. எது உருகுகிறது என்பதுதான் இங்கே கேள்வி. அதை மறைக்கிற சொல் எவ்வளவு நல்ல தமிழாக இருந்தாலும் தொழிலுக்கு உதவாது. உடம்புக்கும் உதவாது. பித்தளையிலும் ஜி.ஐ. குழாயின் பூச்சிலும் துத்தநாகம் இருக்கிறது. 907 டிகிரியிலேயே அது கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரும். புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு எந்தச் சூடு, எந்த உலோகம் என்பது சொல்லிலேயே தெரிந்தாக வேண்டும்.

அப்படியானால் வேற்றுமொழிச் சொற்களெல்லாம் உள்ளே வந்துவிடுமே என்று கேட்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் இந்த ஊர் நாடெங்கும் அனுப்பும் பொருளைத் திறக்கும் சாவி போர்ச்சுக்கீசியச் சொல். பூட்டைப் பொருத்தும் அலமாரியும் அப்படித்தான், வேலை வாங்கும் மேஸ்திரியும் அப்படித்தான். திறவுகோல் அழிந்துபோகவில்லை, கவிதையிலும் புத்தகத் தலைப்பிலும் வாழ்கிறது. கதவைத் திறப்பது சாவி. அதே சமயம், தமிழ்ச்சொல் தோற்றே தீரும் என்பதும் உண்மையில்லை. தொழிற்பயிற்சி நிலைய அறிவிப்புகளில் வரும் கடைசலர் என்ற சொல்லைப் பாருங்கள். தெருவில் ஏற்கெனவே கடைசல் பட்டறை என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. மரத்தைக் கடைந்தவர்களின் வினையே இரும்புக்கும் வந்தது. வழக்கிலிருந்து எடுத்ததால் அது நிற்கிறது. அதே அறிவிப்புகளில் உள்ள பற்றவைப்பவரைக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

பட்டறைச் சொல் தெருவுக்குத் தெரு மாறும், அதை வைத்துப் பாடம் நடத்த முடியாது என்பது இன்னொரு மறுப்பு. இது பாதிதான் உண்மை. பத்தாம் நம்பர் வெல்டிங் ராடு என்று கேட்டால் கடையில் தடுமாறாமல் 3.15 மில்லிமீட்டர் தடிமன் ராடை எடுத்துத் தருவார்கள்; எட்டாம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர். எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்ற தலைகீழ்க் கணக்கு, கேஜ் பார்த்து வாங்கும் தகட்டுக்கும் பொருந்தும். வெளியாளுக்குக் குழப்பம், உள்ளே இருப்பவர்களுக்கு ஒழுங்கு. மாறுபடும் சொற்களை மாறுபாட்டோடு பதிவு செய்வதுதான் அகராதியின் வேலையும். வளைகுடாவுக்குப் போகும் பையன் 6ஜி சோதனையில் குழாயை வெல்டிங் செய்து காட்ட வேண்டும், அவனுக்கு ஆங்கிலம்தானே சோறு போடும் என்றும் கேட்கலாம். போடட்டும், அவன் அதையும் படிக்கட்டும். ஆனால் வெல்டிங் சூட்டில் ஃபிரேம் ஏன் ஒருபக்கமாக இழுத்துக்கொள்கிறது, சிறு ஒட்டாக டேக் வைத்து மூலைமட்டம் பார்த்த பிறகு ஏன் முழுத் தையல் போட வேண்டும் என்பதை அவனுக்கு முதலில் சொல்லித்தருவது பட்டறையின் பேச்சுதான்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது இங்குள்ள பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். பொருளுக்குக் கிடைத்த அந்தக் காப்பு, பொருளைச் செய்யும் பேச்சுக்கும் வேண்டும். அலிகாரின் இயந்திரப் பூட்டு விலையில் முந்திச் செல்ல, பிள்ளைகள் வேறு வேலை தேடிக்கொள்ள, அராவத் தெரிந்த கைகள் குறைகின்றன. சங்கத்தின் கையிலும் தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் கையிலும் ஒரு ஒலிப்பதிவுக் கருவி போதும், வேலையைத் தொடங்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. உதாரணமாக, வெல்டிங் மெஷின் இத்தனை பக்கத்தில் இருந்தும் பூட்டை ஏன் ரிவிட் அடித்தே மூடுகிறீர்கள்? அகராதியில் தறைதல் என்று கிடக்கும் வினை இதுதான். உள்ளே பித்தளை லீவர்களும் மெல்லிய வில்களும் அடுக்கியாகிவிட்டது. வெல்டிங் சூடு பட்டால் வில் விறைப்பை இழக்கும், லீவர் நெளியும், மயிரிழைக் கணக்கில் அராவியதெல்லாம் வீண். ரிவிட் என்றால் சூடே வேண்டாம். துளையில் ஆணியை விட்டு, அதன் தலையைச் சுத்தியால் சிறுகச் சிறுகத் தட்டிப் பரத்தி, தகட்டோடு தகடாக அமுக்கினால் போதும். நாளைக்கு வில் ஒடிந்தால் அந்தத் தலையை அராவி எடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்து பழுது பார்க்கலாம்.