வேங்கடத்துக்கு வழி கேட்டு

இலண்டன் மாநகரில் வாழும் நம்மவர், நிறக் கோடுகளால் ஆன வரைபடம் ஒன்றைத் துணையாகக் கொண்டு, எவரிடமும் ஒரு சொல் பேசாமல், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நிலத்தடி இரயிலில் சென்றுவிடுவர். 1933-ஆம் ஆண்டில் வெளியான அந்த வரைபடம் உலக நகரங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. பாரிஸ் நகரிலும் பயணம் ஏறக்குறைய அவ்வாறே. அங்கெல்லாம் துணிந்து உலவும் குடும்பங்கள் விடுமுறைக்குத் தாயகம் வந்ததும், சென்னையில் கார் ஒன்றை அமர்த்தி, விடியுமுன் புறப்பட்டு, திருமலையில் வழிபட்டு, இரவே திரும்பிவிடுகின்றன. "திருப்பதியில் என்ன கண்டாய்?" என்று பிள்ளையைக் கேட்டால், "நீண்ட வரிசை" என்று விடை வருகிறது. பிள்ளையின்மேல் குற்றமில்லை, நாம் காட்டியது அவ்வளவே.

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் கூறுவது வேங்கடம். அயல்நாட்டில் தமிழைக் காக்க விரும்பும் நாம், அந்த எல்லை நிலத்தைக் காரின் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துத் திரும்புதல் தகுமோ? இரயிலிலும் பேருந்திலும் கால்நடையாகவும் அங்கே செல்லும் வழியை இங்கே கூறுவோம்.

வேலூரை ஒட்டிய காட்பாடியில் தொடங்குவது நன்று. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி வரை செல்லும் இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 104 கிலோமீட்டர். விரைவு வண்டியைவிட, நின்று நின்று செல்லும் வண்டியே நமக்கு ஏற்றது. வண்டி தமிழ்நாட்டைக் கடந்து ஆந்திரத்துள் புகுமிடத்தில் மண்ணின் நிறமோ மரங்களின் வகையோ மாறுவதில்லை. நிலையப் பலகையின் எழுத்து மாறுகிறது. பெட்டிக்குள் பேச்சும் சிறிது சிறிதாக மாறுகிறது. சன்னலோரம் அமர்ந்த பிள்ளைகளுக்கு இதனைச் சுட்டிக்காட்டுதல் வேண்டும். எல்லை என்பது சுவரன்று என்பதை எந்தப் பாடநூலையும்விட அந்த வண்டி நன்கு கற்பிக்கும்.

சித்தூரில் அரைநாளேனும் தங்குக. 1911-ஆம் ஆண்டு வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிய ஊர் இது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. வடக்கெல்லைக்காக ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்தனர். பின்னர் படாஸ்கர் பரிந்துரையின்படி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறியிருப்பினும், சித்தூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே நாவில் புழங்குவதை இன்றும் கேட்கலாம். மாம்பழக் காலமாயின் அவ்வூர் மாங்கனியைச் சுவைக்கத் தவறற்க. விநாயகர் கோயிலால் பெயர்பெற்ற காணிப்பாக்கம் சித்தூருக்கு அருகிலேயே உள்ளது. பேருந்தில் சென்று வரலாம்.

மீண்டும் இரயிலேறிச் சந்திரகிரியில் இறங்கினால் மலையடிவாரக் கோட்டையைக் காணலாம். சென்னைப் பட்டினம் தோன்றக் காரணமான நிலத்தை 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார்க்கு அளித்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். அவர் அடங்கி நின்றது விசயநகர அரசுக்கு. அவ்வரசின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று சந்திரகிரி. சென்னையில் வந்திறங்கும் நம் பிள்ளைகள் அந்நகரின் பிறப்புக் கதையில் ஒரு பக்கம் இங்கே இருப்பதை அறிதல் நலம். கோட்டையுள் இருக்கும் இராஜ மகால் இப்பொழுது அருங்காட்சியகமாக உள்ளது.

திருப்பதி நகரைக் கீழ்த்திருப்பதி என்றும், மலைமேலுள்ள ஊரை மேல்திருப்பதி என்றும் நம்மவர் வழங்குவர். இரயிலடியிலிருந்து கோவிந்தராசர் கோயிலுக்கு நடந்தே செல்லலாம். மலையருவி வீழும் கபில தீர்த்தத்துக்கு ஆட்டோவும் பேருந்தும் உண்டு. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சானூரில் தாயார் கோயில் கொண்டிருக்கிறாள். திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இளமையில் கல்வி பயின்றது இந்தத் திருப்பதியில்தான். அன்று ஒரே மாவட்டத்துள் இருந்த அவ்விரண்டு ஊர்களும் இன்று இரு மாநிலங்களில் உள்ளன.

மலையேற வழிகள் மூன்று. பேருந்துகள் இடைவிடாது செல்கின்றன. 2022 முதல் மின்சாரப் பேருந்துகளும் ஓடுகின்றன. 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்கும், 1974-ஆம் ஆண்டின் இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. முதல் பாதை போடப்படும் வரை நம் முன்னோர் நடந்தோ டோலியிலோதான் சென்றனர். நடக்க விரும்புவோர்க்கு அலிபிரிப் படிவழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர், படிகள் 3,550. சந்திரகிரிப் பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டு குறுகியது, ஆனால் செங்குத்தானது, படிகள் 2,388. அலிபிரி வழியில் காளி கோபுரம் வரை ஏற்றம் கடுமை. பின்னர் நடை இலகுவாகும். முடிவில் முழங்காலின் பெயரையே தாங்கிய ஏற்றம் ஒன்று மீண்டும் சோதிக்கும். இது காட்டு வழி என்பதை மறத்தலாகாது. 2023-ஆம் ஆண்டில் சிறுத்தையால் ஒரு சிறுமி உயிரிழந்தபின், பிள்ளைகளுடன் செல்வதற்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. புறப்படுமுன் அன்றைய விதியைக் கேட்டறிந்து செல்க.

மொழி தெரியாதே என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். வாய் இருந்தால் வங்காளம் போகலாம்; வேங்கடம் எம்மாத்திரம்? "எக்கட" என்றால் எங்கே; "கொண்ட" என்றால் மலை; "மெட்லு" என்றால் படிகள். "எந்த" என்னும் சொல்லில் மட்டும் விழிப்பு வேண்டும்: தெலுங்கில் அதற்கு "எவ்வளவு" என்பது பொருள். எந்தப் பேருந்து என்று நாம் வினவ, அவர் கட்டணத்தைச் சொல்லக்கூடும். "செப்பண்டி" என்றால் சொல்லுங்கள் என்பது பொருள். நம் பழந்தமிழிலுள்ள "செப்பு" அங்கே அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. இரண்டு சொல் தெலுங்கில் தொடங்கினால், ஆட்டோ ஓட்டுபவர் பலர் முகம் மலர்ந்து தமிழிலேயே விடை தருவர். அந்த நட்புரையாடல் வரைபடத்தைப் பார்த்துச் செல்பவர்க்குக் கிடைப்பதன்று.

கோயில்களுக்குச் செல்லும்போது சுவர்களையும் பார்க்கச் சொல்லுக. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1930-களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. பல்லவ அரசி சாமவை வெள்ளிப் படிமம் அளித்த செய்தியை அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. கிருஷ்ணதேவராயரின் கொடைகளோ தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளன. படிக்க வருவோர் எவராயினும் தம் மொழியில் அறிந்துகொள்ளட்டும் என்னும் பெருமனம் அதில் புலப்படுகிறது.

அயல்மொழி பேசும் நகரங்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இச்செய்தி பெரிதும் வேண்டுவது. தம் மொழியை விடாமலும், அடுத்தவர் மொழியை வெறுக்காமலும் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ளன. அடுத்த விடுமுறையில் ஒருநாட் பயணத்தை மூன்று நாட்களாக்குக. பிள்ளையை முன்னே அனுப்பி, "எக்கட" என்று அவனையே வழி கேட்கச் செய்க. திரும்பி வந்தபின் "என்ன கண்டாய்?" என்று மறுபடியும் கேட்டுப் பாருங்கள், விடை நீளமாக வரும்.