பப்பாளிப் பந்து

சூலூர்ப்பேட்டை செல்லும் ரயிலில் ஏறி ஆரம்பாக்கத்தில் இறங்கினோம். கூட வந்த சாமான்களில் நமக்கு அதிகத் தொந்தரவு கொடுத்தது பேரனுடைய பந்துதான். அது உருண்டையும் அல்ல, நீளமும் அல்ல. பழவேற்காட்டு ஏரிக்கரையில் அதைக் கீழே போட்டதும், வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவச் சிறுவன் ஒருவன், "தாத்தா, இது பப்பாளியா?" என்று கேட்டான்.

ரக்பி ஆட்டத்துப் பந்து அது. கையில் ஏந்திக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் தோழனுக்கு எறிவதாயிருந்தால் முன்பக்கம் எறியக் கூடாது. "முன்னே ஓடுகிறவன் பின்னே எறிவானா? நல்ல கூத்து!" என்று படகோரம் இருந்த பெரியவர் சிரித்தார். பையன்களோ அரை நாழிகையில் அதைக் கற்றுக்கொண்டு விட்டார்கள். கணுக்கால் சேற்றில் அவர்கள் ஓடிய ஓட்டத்தில், பட்டணத்தில் பயிற்சி பெற்ற நம் பேரன் மூன்று தடவை மண்ணைக் கவ்வினான். (நாம் சிரிக்கவில்லை என்று அவனிடம் சாதித்திருக்கிறோம்.)

இளைப்பாறும்போது, நடந்த கதை ஒன்று சொன்னோம். 2007-ம் வருஷம் லண்டனில், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சர்வதேச ரக்பிப் பந்தயம் நடந்தது. ஒடிசாவில், புவனேசுவரத்திலுள்ள கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்திலிருந்து பழங்குடிச் சிறுவர் பன்னிருவர் போனார்கள். அவர்கள் அந்த ஆட்டத்தைக் கற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கச் சிறுவர்களை வென்று திரும்பினார்கள். இதை 'உலகக் கோப்பை' என்றே எழுதியவர்களும் உண்டு. அது மிகை. பெரியவர்களின் உலகக் கோப்பை அதே வருஷம் பிரான்சில் நடந்தது, ஜெயித்தது தென்னாப்பிரிக்கா. அப்பேர்ப்பட்ட தேசத்துப் பிள்ளைகளை வென்றதற்கு வேறு அலங்காரம் எதற்கு? 2022-ல் 'ஜங்கிள் க்ரை' என்ற சினிமா வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு இந்தச் சங்கதியே தெரியும்.

கோப்பை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பிச் சங்கம் 1878-ல் கலைந்தது. பாங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, 270 ரூபாயை உருக்கி, ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மூன்று கைப்பிடிகளும் நாகங்கள்; மூடியின் மேல் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை அதற்காக மோதுகின்றன. இதைக் கேட்ட பெரியவர், "நம்ம ரூபாயா?" என்று மட்டும் கேட்டார்.

வலைக்காரப் பையனுக்கோ வெள்ளியைப் பற்றிக் கவலையில்லை.

"அந்தப் பையன்களுக்குச் சோறு யார் போட்டாங்க, தாத்தா?"

"பள்ளிக்கூடமேதான். அங்கே சாப்பாடு, இடம், படிப்பு எல்லாம் இலவசம்."

"வீட்டிலே வேலைக்கு ஆள் வேணாமா?"

நாம் அதுவரை சரளமாகப் பேசிவந்தோம். இதற்குப் பதில் தெரியவில்லை. இந்த ஏரியில் மீனவர்கள் முறைவைத்து வலை இடுவதற்குப் 'பாடு' என்று பெயர். மறுநாள் தன் தகப்பனாருக்குப் பாடு என்றும், தான் ஆட வர முடியாதென்றும் பையன் சொன்னான். சொல்லிவிட்டுப் பந்தை இடுக்கிக்கொண்டு படகுவரை ஒருமுறை ஓடினான். யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை.

திரும்பும் ரயிலில் சாமான்களை எண்ணினோம். பந்தைக் காணோம். பேரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.