தனியாகவா?

"தனியாகவா?"

2025 செப்டம்பரில் பாரிஸ் நகரத்தைப் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், ஓசூரில் எங்கள் தெரு முழுவதும் கேட்ட ஒரே கேள்வி இதுதான். பால்காரம்மா தெலுங்கில் கேட்டாள். எதிர் வீட்டு அம்மாள் கன்னடத்தில் கேட்டாள். என் தாயார் தமிழில் கேட்டாள். எல்லை ஊரில் வசிப்பதில் இது ஒரு சௌகரியம். ஒரே பயத்தை மூன்று பாஷைகளில் அனுபவிக்கலாம்!

முப்பத்தாறு வயதானவள், பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் பார்ப்பவள், ஊர் பார்க்கத் துணை தேட வேண்டுமா என்பது என் கட்சி. "உங்கப்பா இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்த அம்மா, வாக்கியத்தை முடிக்கவில்லை. சிப்காட்டில் அப்பாவுக்கு வேலை கிடைத்ததால் ஓசூருக்குக் குடிவந்தவள் அவள். நாற்பது கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் பெங்களூருக்குக்கூட அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை.

முடிவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. தினமும் அம்மா படுக்கும் முன் நான் போன் செய்ய வேண்டும். அதற்காகவே என் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டு வைத்தேன். அதுவும் எங்கள் ஊர் டைட்டன் கடிகாரம்தான். பாரிஸ் நேரம் அதற்கு மூன்றரை மணி பின்னால்.

ஸேன் நதிக் கரையில் கால் ஓயும் மட்டும் நடந்தேன். 2019ல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறக்கப்பட்ட நோத்ர தாம் தேவாலயத்தைப் பார்த்தேன். 330 மீட்டர் உயரமுள்ள ஐபில் கோபுரத்திலும் ஏறினேன். ஆனால், சகோதரிகளே, கோபுரம் ஏறுவதைவிடக் கஷ்டமானது ஓட்டலுக்குள் நுழைவது. 'எத்தனை பேர்?' என்று பரிசாரகர் கேட்பார். ஒற்றை விரலைக் காட்ட எனக்கு என்ன வெட்கம்!

மூன்றாம் நாள் சாயங்காலம், பூமிக்கடியில் ஓடும் ரயிலில் கண் அயர்ந்துவிட்டேன். 'கார் த லெஸ்ட்' ஸ்டேஷனில் இறங்க வேண்டியவள், அடுத்த 'கார் து நோர்'ல் இறங்கினேன். செல்போன் உயிரை விட்டிருந்தது. வெளியே வந்து தவறான திசையில் நடந்தேன். கடிகாரம் பத்தரை காட்டியது. ஓசூரில் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நெஞ்சு படபடக்க நிமிர்ந்தால், எதிரே தமிழ் எழுத்து! புடவைக் கடை, நகைக் கடை, கூடையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை. அந்தப் பேட்டைக்கு 'லா ஷாப்பெல்' என்று பெயர். 1983க்குப் பிறகு இலங்கையில் யுத்தத்துக்குத் தப்பி வந்த தமிழர்கள் அங்கே கடைகள் வைத்திருக்கிறார்கள். மாணிக்க விநாயகருக்கு அந்த வட்டாரத்தில் ஒரு கோயிலும் உண்டு.

ஒரு மளிகைக் கடையில் நுழைந்து, "அக்கா, ஒரு போன் செய்யணும்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. கடைக்கார அம்மாள் என்னை உட்கார வைத்துத் தம் போனைக் கொடுத்தார். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள். நான் பேசத் திணறுவதைப் பார்த்து அவரே வாங்கி, "பயப்படாதேங்கோ அம்மா, பிள்ளை என்ர கடையிலதான் நிக்கிறா" என்றார்.

தேநீர் கொடுத்துக்கொண்டே, "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், சற்றுப் பெருமையாகவே.

"நானும் தனியத்தான் வந்தனான். அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. ஆனா ஊர் பார்க்க வரேல்லை, பிள்ளை."

என் பெருமை அந்தத் தேநீரில் சர்க்கரையாகக் கரைந்து போயிற்று. தெருக்கோடி வரை வந்து எனக்கு வழி காட்டிவிட்டுத்தான் அவர் திரும்பினார்.

ஊர் திரும்பியதும் அம்மா ஐபில் கோபுரத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. "அந்தக் கடைக்காரப் பெண் யாரோடு வந்தாளாம்?" என்று கேட்டாள்.

"தனியாகத்தான்."

அம்மா வெகு நேரம் பேசவில்லை. பத்து நாள் கழித்துக் கேட்டாள்: "கண்ணு, லால்பாக் தோட்டத்துக்கு எந்த பஸ்?"

"தனியாகவா?" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கிளம்பிப் போனாள். மத்தியானம் மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அத்திப்பள்ளி, சாந்திநகர் என்று ஒவ்வொரு இடமாக நினைத்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அம்மாவும் அன்று இப்படித்தானே நடந்திருப்பாள்!

ஆறு மணிக்கு வந்து சேர்ந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக. "போனா? பைக்குள்ளே கிடந்தது. கண்ணாடி மாளிகை என்ன அழகு!" என்றாள். அந்த மாளிகைக்கும் ஐபில் கோபுரத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதற்கு அடிக்கல் நாட்டியதும் 1889ல்தான் என்றேன். அது அம்மா காதில் விழவில்லை.

"ஓட்டலில் மசால் தோசை சாப்பிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டான். ஒருத்திதான் என்று கன்னடத்திலேயே சொன்னேன். சாவி எங்கே, தண்ணி எங்கே என்று கேட்க யாருமில்லை. மெதுவாக நடந்தேன் கண்ணு. இவ்வளவு மெதுவாக நான் நடந்ததே இல்லை."

செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கேட்டாள்: "மைசூருக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?"