வெளியே வைக்கப்பட்டவர்: ஒரு ஸ்பானியக் குடும்பப் பெயரின் கதை

ஸ்பானிய மக்களின் மரபிலே ஒவ்வொருவருக்கும் இரு குடும்பப் பெயர்கள் உண்டு. தந்தையின் குடும்பப் பெயர் முதலிலும் தாயின் குடும்பப் பெயர் அதனையடுத்தும் வருதல் நெடுங்கால வழக்கம். மணம் முடித்த பெண்ணும் தன் பிறந்தகத்துப் பெயர்களை இழப்பதில்லை. எனவே ஒருவரின் முழுப்பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே அவர் எவ்விரு குடும்பங்களின் வழிவந்தவர் என்பது புலனாகிவிடும். இத்தகைய சமுதாயத்திலே தந்தையும் அறியப்படாத, தாயும் அறியப்படாத ஒரு குழந்தைக்கு எப்பெயரை எழுதுவது? ஞானஸ்நானப் பதிவேட்டின் அவ்வெற்றிடத்தை நிரப்பக் கையாளப்பட்ட சொற்களுள் முதன்மையானது ‘எக்ஸ்பொசித்தோ’ என்பதாகும்.

இச்சொல் ‘எக்ஸ்பொசித்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்பதே அதன் நேர்ப்பொருள். ஏனைய ஸ்பானியக் குடும்பப் பெயர்கள் ஏதேனும் ஓர் உறவையோ உடைமையையோ உணர்த்துவன. ‘கொன்சாலெஸ்’ என்பது கொன்சாலோவின் மைந்தன் எனப் பொருள்படும். ‘எரேரோ’ என்பது கொல்லனைக் குறிக்கும். வேறு பல பெயர்கள் முன்னோர் வாழ்ந்த ஊரைச் சுட்டும். எக்ஸ்பொசித்தோ என்னும் பெயரோ ஊரையும் கூறுவதில்லை; தொழிலையும் கூறுவதில்லை. அதனைத் தாங்கியவருக்கு வாழ்வின் தொடக்கத்திலேயே பிறர் இழைத்த செயலொன்றை மட்டும் அது கூறுகின்றது.

அச்செயல் பெரும்பாலும் இரவிலேயே நிகழ்ந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லங்களின் வெளிச்சுவரில் மரத்தாலான சுழலும் பெட்டியொன்று பொருத்தப்பட்டிருந்தது. ஸ்பானிய மொழியில் அதனைத் ‘தோர்னோ’ என்பர். வறுமையால் வாடிய தாயோ, ஊர்ப்பழிக்கு அஞ்சிய மங்கையோ, அவர்கள் அனுப்பிய ஏவலாளோ குழந்தையை அதனுள் வைத்துச் சுழற்றி மணியை ஒலிப்பித்துவிட்டு இருளில் மறையலாம். உள்ளே நின்றவர் குழந்தையைக் கண்டார். கொணர்ந்தவர் முகத்தைக் காணவில்லை. சில குழந்தைகளின் துணியிலே ஒரு கடிதத் துண்டோ, பாதியாக வெட்டிய பதக்கமோ இருந்தது. என்றேனும் திரும்பிவந்து அடையாளம் காட்டி மீட்கலாம் என்னும் நம்பிக்கையே அப்பொருள்களின் பொருள். மீட்கப்பட்டோர் மிகச் சிலரே. பல இல்லங்களில், ஏற்கப்பட்ட குழந்தைகளுட் பாதிக்கு மேற்பட்டவை இளமையிலேயே மடிந்தன. எஞ்சியவை கிராமத்துச் செவிலித்தாயரின் பாலுண்டு வளர்ந்து, அப்பெயரை உலகிற்குக் கொண்டுசென்றன.

வெற்றிடத்தை நிரப்ப வேறு வழிகளும் இருந்தன. திருச்சபையையும் சிலுவையையும் தேவ அன்னையையும் குறிக்கும் சொற்கள் பல குழந்தைகளுக்குக் குடும்பப் பெயராயின. இன்னுஞ் சிலர் தம் பெயரையே ஈந்தனர். ஹவானா நகரத்து அநாதைக் குழந்தைகளின் இல்லத்தோடு தொடர்புடைய ஆயர் ஹெரோனிமோ வல்தெஸ் அவர்களின் பெயர் அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியதாயிற்று. 1844இல் சதிக் குற்றஞ் சாட்டப்பெற்றுச் சுட்டுக் கொல்லப்பட்ட கியூபக் கவிஞர் ‘பிளாசிதோ’வின் இயற்பெயரிலும் அந்த வல்தெஸ் உண்டு. மெக்சிக்கோ நகரிலே 1767இல் இத்தகைய இல்லமொன்றைத் தோற்றுவித்த பேராயர் லொரென்சானாவும் அவ்வாறே தம் பெயரை வழங்கினார். அவ்வில்லத்தில் வளர்ந்த அப்பொலினாரியா லொரென்சானா, 1800ஆம் ஆண்டில், சிறுமியாய் இருக்கையிலேயே தொலைதூரக் கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டவர். சான் டியேகோ மிஷனில் நோயாளரைப் பேணி வாழ்ந்து, முதுமையில் 1878இல் தம் நினைவுகளைச் சொல்லி எழுதுவித்தவர்.

இவ்விரு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நோக்கற்பாலது. வல்தெஸ் என்பதும் லொரென்சானா என்பதும் பெற்றோரோடு வாழ்ந்த பலருக்கும் உரிய பெயர்கள். அவற்றைத் தாங்கிய பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாக மறைந்து வாழலாம். எக்ஸ்பொசித்தோவுக்கு அவ்வாய்ப்பு இல்லை. திருமணப் பேச்சிலும் தொழிற்குழுவின் வாயிலிலும் பெயரைச் சொன்ன உடனேயே அவன் பிறப்பு விவாதப் பொருளாயிற்று. ஒன்று போர்வையாகவும் மற்றையது தழும்பாகவும் அமைந்தது எனலாம்.

இந்த இழிவினை நீக்க அரசு முயலாமலில்லை. 1794இல் நான்காம் கார்லோஸ் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். பெற்றோர் அறியப்படாத பிள்ளைகள் யாவரும் குடியியல் உரிமைகள் அனைத்துக்கும் முறைப்படி பிறந்தவராகவே கொள்ளப்படுவர் என்றும், அவர்களை இழிபிறப்பினர் எனப் பழிப்போர் தண்டிக்கப்படுவர் என்றும் அது விதித்தது. அவர்கள் குற்றமிழைத்தாலும் கசையடி, தூக்கு முதலிய இழிவான தண்டனைகளை வழங்கலாகாது என்றும் கூறியது. அதற்குக் காட்டிய காரணம் விந்தையானது. தண்டிக்கப்படுபவன் ஒருவேளை உயர்குலத்தில் உதித்தவனாயிருக்கக் கூடுமாம்! அவன் மனிதன் என்பதனாலன்று, பிரபுவின் மகனாயிருத்தல் கூடும் என்பதனாலேயே அச்சலுகை வழங்கப்பட்டது. குலப்பெருமையைச் சாடவந்த சட்டமே குலப்பெருமையைத் துணைக்கு அழைத்துக்கொண்டது.

ஆணை பிறந்தபின்னும் பெயர் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டிலேதான் அதனைக் களைவதற்குத் தெளிவான வழி அமைந்தது. ஸ்பெயினின் 1957ஆம் ஆண்டுக் குடியியற் பதிவுச் சட்டம் எக்ஸ்பொசித்தோவையும் அதனையொத்த பெயர்களையும் மாற்றி, வழக்கிலுள்ள வேறொரு குடும்பப் பெயரைப் பெற இடமளித்தது. அடுத்த ஆண்டின் ஒழுங்குவிதிகள் அப்பெயரை எக்குழந்தைக்கும் அதிகாரிகள் தாமாகச் சூட்டலாகாது எனத் தடுத்தன. பலர் பெயரை மாற்றிக்கொண்டனர். ஆயினும் ஆந்தலூசியாவிலும் கனாரித் தீவுகளிலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் எக்ஸ்பொசித்தோ என்னும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. நீண்டகாலம் ஸ்பானிய ஆட்சியின் கீழிருந்த நேப்பிள்ஸ் நகரிலோ, அதன் இத்தாலிய வடிவமான ‘எஸ்பொசித்தோ’ மிகப் பெருவழக்கான குடும்பப் பெயர்களுள் ஒன்றாகும். அந்நகரின் அனுன்சியாத்தா இல்லத்துச் சுழற்பெட்டி 1875இல் மூடப்பட்டது. பெட்டி மூடப்பட்ட பின்பும் பெயர் நிலைத்தது.

களையத்தக்க பெயரை மக்கள் ஏன் களையவில்லை? விடை ஸ்பானியப் பெயரிடு முறையிலேயே அடங்கியுள்ளது. முதன்முதல் அப்பெயரைப் பெற்றவனுக்கு அது தந்தையில்லை என்பதன் சான்று. அவன் மகனுக்கோ அது தந்தையின் பெயர். பேரனுக்கு அது பாட்டனின் பெயர்; ஊர்க் கல்லறையிலே பொறிக்கப்பட்ட பெயர்; உழைத்து வாங்கிய நிலத்தின் உறுதியில் எழுதப்பட்ட பெயர். ஒரு தலைமுறையில் வழியின்மையைக் குறித்த சொல் அடுத்த தலைமுறையில் வழியாகவே மாறிவிடுகின்றது. அதனை எறிந்துவிடும் பேரன் இழிவினை மட்டும் எறிவதில்லை. அவ்விழிவினைச் சுமந்துகொண்டே தனக்கு ஒரு வீட்டை ஆக்கித்தந்த பாட்டனையும் சேர்த்தே மீண்டும் ஒருமுறை வெளியே வைத்துவிடுகின்றான்.

வம்ச வரலாறு தேடுவோர்க்கு இப்பெயர் ஏமாற்றமளிக்கும். ஒரே பெயரைத் தாங்கிய இருவர் ஒரே முன்னோரின் வழியினர் என்னும் விதி இங்கு செல்லாது. ஏடுகளைப் புரட்டிப் பின்னோக்கிச் செல்பவர் ஓரிரவில் ஒலித்த மணியோசையோடு நின்றுவிட வேண்டியதே. அதற்கப்பால் சுவர். எனினும் குருதியால் ஒன்றுபடாத இம்மக்களை ஒரு வரலாறு ஒன்றுபடுத்துகின்றது.

அவ்வரலாற்றின் மற்றொரு முகத்தை ஆர்ஜென்ரீனாவிற் காணலாம். புவனஸ் அயர்ஸ் நகரிலே 1779இல் அரசப் பிரதிநிதி வேர்த்திஸ் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைத்தார். அதனைப் பராமரிக்கும் பொருட்டு 1780இல் அந்நகரின் முதல் அச்சகம் நிறுவப்பட்டது. எக்ஸ்பொசித்தோக் குழந்தைகளின் அச்சகம் என்பதே அதன் பெயர். 1810ஆம் ஆண்டுப் புரட்சியின் செய்தியேடும் அங்கேயே அச்சேறியது. இழிவுப் பெயராக எண்ணப்பட்ட சொல் ஒரு தேசத்தின் தொடக்ககால ஏடுகளில் அச்சகப் பெயராய் நின்றது.

அதே நாட்டில், இருபதாம் நூற்றாண்டிலே, எக்ஸ்பொசித்தோ என்னும் குடும்பப் பெயருடைய ஒரு வீட்டில் மைந்தர் இருவருக்கு ஹோமரின் பெயரும் வேர்ஜிலின் பெயரும் இடப்பட்டன. ஓமேரோ எக்ஸ்பொசித்தோ தாங்கோப் பாடல்களை இயற்றிப் புகழ்பெற்றார். விர்ஹிலியோ எக்ஸ்பொசித்தோ இசையமைத்தார். முற்பெயர் உலகின் மாகவிகளுடையது. பிற்பெயர் சுவரோரத்துச் சுழற்பெட்டியினுடையது. இரண்டையும் ஒருங்கே உச்சரித்து அந்நாட்டு மக்கள் அவர்தம் பாடல்களைப் பாடினர். வெளியே வைக்கப்பட்ட பெயர் இவ்வாறு வீட்டினுள்ளே வந்து சேர்ந்தது.